மடிப்பு வெட்டாத கழுதைக் கதை

போன வாரம் மாடி வீட்டுப் பெண் படியிறங்கி வந்து கேட்டாள்: "டீச்சர், எம் பொண்ணுக்கு எட்டு வயசு முடியப் போகுது. எழுத்துக் கூட்டாம தானாவே படிக்கிறா. புதுசா வந்ததுல நல்ல புக்கா ஒரு மூணு சொல்லுங்களேன்." நான் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்தத் தெருவில் எனக்கு டீச்சர் என்பதுதான் பெயர். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருமே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

யோசிக்காமல் மூன்று பெயர் சொன்னேன். முதல் இரண்டும் நான் படித்தவை. அதில் ஒன்றைப் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மூன்றாவது புத்தகத்தைக் கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. அட்டை நன்றாக இருந்தது. பின்னட்டையில் நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியை நாற்பது வரியாக்கி, "அருமையான புத்தகம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சொல்லி வைத்தேன். அவள் செல்போனில் குறித்துக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்றபடி மேலே ஏறிப் போய்விட்டாள்.

அவள் போனதும் எனக்குப் புகையிலை வாசம் அடித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. தெருவிலும் அப்போது ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வாசம் வந்துவிடும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்திய காரணம்.

ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்தது நத்தம் ரோட்டில், சாணார்பட்டிக்கு அந்தப்பக்கம் உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொரு வயது. வீடு திண்டுக்கல் நாகல் நகரில். காலையில் பூச்சந்தைக்குப் பூவைப் போட்டுவிட்டுக் காலிக்கூடையோடு திரும்பும் பெண்கள்தான் பஸ்ஸில் எனக்குத் துணை. இறங்கி, சோளக்காட்டுக்கும் மல்லிகைத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மைல் நடக்க வேண்டும். புதுச்செருப்பு ஒரே மாதத்தில் தேய்ந்து போனது. அப்பா, "நீ பாடம் நடத்தப் போறியா, பாதை போடப் போறியா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை இருந்தது. தலைமையாசிரியரை ஊரே பெரியசார் என்றுதான் சொல்லும். ஒல்லியான மனிதர். வெள்ளை வேட்டி, மூடிய குடை. வெயிலிலும் அந்தக் குடையை விரிக்க மாட்டார், சாயம் போய்விடுமாம். பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்தான். அவருடைய பயமெல்லாம் இருப்புப் பதிவேட்டின்மேல். பள்ளிக்கூடத்துச் சாமான் ஒவ்வொன்றும் அந்தப் பெரிய நோட்டில் இருக்கும். பக்கத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம். எங்களிடம் ஓர் உலக உருண்டை இருந்தது. ஆப்பிரிக்கா இருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆனால் பதிவேட்டில் அது 'நல்ல நிலை'. ஓட்டைப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்திருந்தோம். அந்த ஊரில் இரண்டு தலைமுறை ஆப்பிரிக்கா இல்லாமலே பூகோளம் படித்தது.

நான் சேர்ந்த வருடம்தான் சிறுவர் புத்தகங்கள் வந்தன. ஒன்றியத்திலிருந்து நாற்பது புத்தகம் அனுப்பியிருந்தார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒரு படமாக மெல்லிய புத்தகங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்குச் சின்னச்சின்ன அத்தியாயங்களாகப் பிரித்த கதைகள். திண்டுக்கல்லில் பார்சல் ஆபீஸில் கட்டு இரண்டு நாள் கிடந்திருக்கிறது. பக்கத்தில் புகையிலைச் சிப்பம். ஊரில் பாதிச் சரக்குக் கிட்டங்கியில் புகையிலை இருந்த காலம் அது, எந்தச் சாமான் எங்கே கிடந்தாலும் அந்த வாசம் ஏறிவிடும். கட்டைப் பிரித்ததும் அச்சு மை வாசமும் புகையிலைக் காரமும் சேர்ந்து வந்தன. முதல் வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் தும்மினார்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பாடப்புத்தகம் தவிர ஒரு கதைப் புத்தகம்கூடக் கையால் தொட்டதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அச்சில் பார்த்தது பாடமும் உரக்கடை காலண்டரும் மட்டும்தான். கட்டுப் பிரித்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது, இந்த வேலைக்கு வந்ததே இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தச் சந்தோஷம் முட்டுக்கட்டையில் நின்றது. அந்தக் காலத்தில் சின்ன அச்சகங்களிலிருந்து வரும் புத்தகங்களுக்கு ஓரம் வெட்டியிருக்க மாட்டார்கள். பெரிய தாளில் பதினாறு பக்கத்தைச் சேர்த்து அடித்து, மடித்து, தைத்து, அட்டையை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். மேலேயும் பக்கவாட்டிலும் பக்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். வாங்குகிறவர்தான் மடிப்பை வெட்டிப் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டு பக்கம் திறக்கும், அடுத்த பக்கங்கள் பை போல மூடிக்கொண்டிருக்கும். நான் பிளேடோடு உட்கார்ந்ததைப் பார்த்துப் பெரியசார் பதறிவிட்டார்.

"என்னம்மா செய்றீக?"

"மடிப்ப வெட்டுறேன் சார்."

"வெட்டிறாதீக. நோட்டுல 'புதியது'ன்னு எழுதியிருக்கேன். வெட்டுனா அது பழசாப் போயிரும். பழசுன்னு எழுதுனா ஏன் பழசாச்சுன்னு காரணம் எழுதணும்."

அதற்கு மேல் அவரோடு வாதாட அந்த வயதில் எனக்குத் தைரியம் இல்லை. நாற்பதும் அலமாரிக்குள் போயின. எங்கள் திண்டுக்கல் பூட்டு ஒன்று அதில் தொங்கியது. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எடுத்துப் போகலாம், திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும், மடிப்பைத் தொடக் கூடாது. முதல் இரண்டு வாரம் போட்டி போட்டு எடுத்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. மூடியிருக்கும் பக்கத்துக்குள் ஒரு கண்ணை வைத்து எத்தனை நாள் கதை படிப்பது?

தீபாவளி முடிந்து ஒன்றியத்திலிருந்து கல்வி அதிகாரி வந்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டப் பார்த்தார். புரளவில்லை. "என்ன சார், ஒருத்தரும் தொடவே இல்ல போலருக்கே" என்றார். "புதுசு போலவே காப்பாத்தி வச்சிருக்கோம் சார்" என்று பெரியசார் பெருமையாகச் சொன்னார். அதிகாரி புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்தார். "பங்குனியில திரும்ப வாரேன். அதுக்குள்ள பிள்ளைக படிக்கலேன்னா இந்த நாப்பதையும் டவுன்ல ஒரு ஸ்கூலுக்கு மாத்தி விட்டுருவேன். அங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

டவுன் பிள்ளைகள் படித்தால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கட்டு வரப் போவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெரியசாருக்கும் கவலைதான். இருப்பில் நாற்பது உருப்படி குறையும் என்ற கவலை. யோசித்து ஒரு வழி சொன்னார்: "புதுசும் கெடக்கூடாது, பிள்ளைகளும் எடுக்கணும். நீங்க திங்கக்கிழம ப்ரேயர்ல ஒரு புஸ்தகத்தப் பத்தி ரெண்டு வார்த்த எடுத்துச் சொல்லுங்க. ஆசப்பட்டு எடுப்பாக."

புத்தகம் பரிந்துரைப்பது என்று இப்போது சொல்கிறார்களே, அந்தத் தொழிலில் நான் இறங்கியது இப்படித்தான். பஸ்ஸில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படிப்பேன். கடைசிப் பக்கத்தைப் படிப்பேன். நடுவில் மடிப்பை லேசாகத் தூக்கி, அடுக்குப் பானைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். ஒரு படம் தெரியும், ஒரு பாதி வரி தெரியும். மிச்சத்தை நானே சேர்த்துக்கொள்வேன். நான் நன்றாகவே பேசுவேன். அடுத்தடுத்து நான்கு திங்கட்கிழமை பேசினேன். நான்கு புத்தகத்துக்கும் அடிதடி. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஐந்தாவது, கழுதைக் கதை. முதல் பக்கத்தில் ஓர் உப்பு வியாபாரியும் அவருடைய கழுதையும் வழிநடந்து போகிறார்கள். நடுவில் எட்டிப் பார்த்ததில் ஒரு திருவிழாப் படம். கடைசிப் பக்கத்தில் கழுதை ஆற்றங்கரையில் நிற்கிறது. இது போதாதா எனக்கு? திருவிழாக் கூட்டத்தில் கழுதை தொலைந்து போகிறது, வியாபாரி ஊர் ஊராக அழுதுகொண்டே தேடுகிறார், கடைசியில் ஆற்றங்கரையில் இருவரும் சேர்கிறார்கள் என்று உருக்கமாகச் சொன்னேன். முடிவைச் சொல்லக் கூடாது என்ற நாகரிகம்கூட அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு சின்னப்பிள்ளைகள் கண்ணைத் துடைத்தார்கள். பழனியம்மா வெள்ளிக்கிழமை முந்திக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் போனாள்.

பழனியம்மா ஐந்தாம் வகுப்பு. மல்லிகைத் தோட்டத்துக்காரர் மகள். விடியுமுன் பூவெடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவாள். சிலேட்டைத் தொட்டால் சிலேட்டும் மணக்கும். எதையும் நேராகக் கேட்டுவிடுகிற பிள்ளை. ஒருநாள், "பூமி உருண்டைன்னா, அந்த ஓட்டைக்குள்ள யாரு இருக்காக?" என்று பெரியசாரையே கேட்டவள்.

திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டிய புத்தகத்தைப் புதன்கிழமைதான் கொண்டுவந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். புளியமரத்தடியில் நான் தனியாக இருந்தேன்.

"டீச்சர், நீங்க சொன்னது வேற கழுதையா?"

"ஏன்டி?"

"நீங்க சொன்ன கழுத தொலஞ்சுல்ல போச்சு. இது தொலயல. ஓடிப் போச்சு."

நான் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தேன்.

"அந்த ஆளு அழுகவே இல்ல டீச்சர். அடிச்சாரு. அம்புட்டு மூட்டையையும் ஏத்தி அடிச்சாரு. அதான் திருவிழாவுல கட்டு அத்துக்கிட்டு ஓடுச்சு. கடசில ஆத்துக்கு அங்கிட்டு நின்னு திரும்பிப் பாக்குது. அந்தாளு இங்கிட்டு நின்னு கூப்புடுறாரு. ஆனா அது வரல."

"நீ உள்ள எப்பிடிப் படிச்ச?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அது என்னைத் தப்பிக்க வைக்கிற கேள்வி என்பது எனக்கே உறைத்தது.

அவள் முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தை நீட்டினாள். முதலிலிருந்து கடைசி வரை எல்லா மடிப்பும் வெட்டியிருந்தது. தென்னை ஈர்க்கைத் தட்டையாகச் சீவி, உள்ளே விட்டு, மெதுவாக இழுத்திருக்கிறாள். பிளேடால் நான் வெட்டியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

"பெரியசாருட்ட சொல்லிருவீகளா?"

"சொல்ல மாட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நானும் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். என்னவோ அவளும் நானும் சேர்ந்து மாங்காய் திருடிவிட்டு வந்தது போலச் சொன்னாள். அந்த 'நானும்' என்னைச் சுட்டது. ஒரு பத்து வயதுப் பிள்ளை என் மானத்தைத் தன் பாவாடை நுனியில் முடிந்துவைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அன்று மத்தியானம் கொண்டுபோன புளிச்சோறும் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனமும் அப்படியே வீட்டுக்குத் திரும்பின.

அதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் நீங்கள் நல்லவர். புத்தகத்தை அலமாரியின் அடித்தட்டில் செருகி வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு புத்தகத்தைப் பற்றிப் பேசினேன், அதுவும் எட்டிப் பார்த்ததுதான். மூன்றாவது வரிசையில் பழனியம்மா நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் சொல்வதை ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்குத் தடுமாறியது. அந்தப் புத்தகத்தை ஒருவரும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் பெரியசார் அலமாரியைச் சரிபார்ப்பார். அதை நான் மறந்தே போனேன். அதற்கடுத்த திங்கட்கிழமை ப்ரேயரில் அவர் கழுதைப் புத்தகத்தோடு வந்து நின்றார். கையில் பிரம்பு.

"யாரு இதக் கிழிச்சது?"

எடுத்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு அவரிடம் இருந்தது. கடைசிப் பெயரைப் படித்தார். பழனியம்மா முன்னால் வந்து நின்றாள்.

"நீதானா?"

"ஆமா சார்."

"மடிப்பத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இனிமே ஒனக்குப் புஸ்தகம் கிடையாது. ஒனக்கு மட்டுமில்ல, எந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்குக் குடுக்கிறதா இல்ல. கைய நீட்டு."

அவள் கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் பூக்காம்பு பச்சை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஒரு வார்த்தை, 'டீச்சர் தப்பாச் சொன்னாக' என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் பெரியசாரின் கோபம் என்மேல் திரும்பிப் பிரம்பு நின்றிருக்கும். சொல்ல மாட்டேன் என்று சொன்னவள், சொல்லவில்லை.

நான் எப்படி வரிசையை விட்டு வெளியே வந்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. குரல் மட்டும் நினைவிருக்கிறது. அது யாருடைய குரலோ மாதிரி மெலிந்து வந்தது.

"சார், அடிக்காதீங்க. அந்தப் புத்தகத்த நான் படிக்கல சார். படிக்காமலே படிச்ச மாதிரி சொன்னேன். முன்னாடி சொன்ன நாலும் அப்பிடித்தான். அதுக்குப் பின்னாடி சொன்னதும் அப்பிடித்தான். இந்தப் பிள்ள ஒருத்திதான் படிச்சிருக்கா. படிச்சிட்டு எங்கிட்ட வந்து கதை அது இல்லேன்னு சொன்னா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா."

எட்டு வகுப்புப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். கழுதைக்காகக் கண்ணைத் துடைத்த இரண்டு சின்னப்பிள்ளைகளும் பார்த்தார்கள். பெரியசார் பிரம்பைக் கீழே இறக்கினார். "ப்ரேயர் முடியட்டும். ரூமுக்கு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "செத்த நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழுதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். விரலால் வரியைத் தொட்டுத்தொட்டுப் படித்தார். வெளியே என் வகுப்பு சத்தத்தில் காடாகிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவே இல்லை. நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். அரைமணி நேரம் போயிருக்கும். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"வந்திருக்கலாம்."

"என்ன சார்?"

"கழுததான். அந்தாளு அம்புட்டுக் கூப்புடுறான். திரும்பி வந்திருக்கலாம்." பிறகு அவரே, "வந்தா மறுபடியும் அடிப்பான். வராததுதான் சரி" என்றார்.

பிரம்பை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டார். இருப்புப் பதிவேட்டை இழுத்து விரித்தார். 'நிலை' என்ற கட்டத்தில் நாற்பது இடத்தில் 'புதியது' என்று இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நாற்பது தடவையும் தன் குண்டு எழுத்தில் 'படிக்கத் தகுந்தது' என்று எழுதினார். காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டார். அந்த மனிதருடைய சர்வீஸில் இதைவிடப் பெரிய புரட்சி நடந்திருக்காது. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இனிமே படிச்சிட்டுச் சொல்லுங்கம்மா. நானும் நம்பித்தொலச்சேன்."

அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் வந்தது. நான் ஏற்பாடு செய்ததில்லை, அது தானாக வந்தது. ஒரு புத்தகத்தின் மடிப்பை முழுதாக வெட்டி முடிக்கிறவர்தான் திங்கட்கிழமை அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி வெட்டியவருக்குப் பேச உரிமை இல்லை. சொல்லி முடித்ததும் புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்து விசிறிக் காட்ட வேண்டும். பக்கங்கள் தனித்தனியாக விசிறினால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். நான் பேசினாலும் விசிறிக் காட்ட வேண்டும். எனக்குச் சலுகை கிடையாது.

ஈர்க்குச் சீவுவதில் பழனியம்மா கைதேர்ந்தவள் ஆகிவிட்டாள். அவளிடம் வாங்காத பிள்ளைகள் கைவிரலால் இழுத்துப் பக்கத்தைக் கோணல்மாணலாகக் கிழித்தார்கள். ஆறாம் வகுப்பில் ஒருவன் கருக்கரிவாளால் வெட்டிக் கதாநாயகனின் தலையையே எடுத்துவிட்டான். நானும் பஸ்ஸில் ஈர்க்கோடு உட்காருவேன். பூக்காரப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "என்ன கத டீச்சர், சொல்லிக்கிட்டே வெட்டுங்க" என்று பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் சொன்ன பரிந்துரை மாதிரி நான் என் வாழ்நாளில் ஒன்றும் சொன்னதில்லை. பத்திரிகையில் பெரியவர்கள் எழுதும் மதிப்புரைகளில்கூட அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததில்லை. எறும்பைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு ஏழாம் வகுப்புப் பையன் சொன்னது: "இதுல கத இல்ல. ஆனா படிச்சிட்டு எறும்ப மிதிக்க முடியாது. காட்டுக்குள்ள நடக்க நேரமாகும்." பசியோடு அலையும் ஒரு ராஜாவின் கதைக்கு: "மூணாவது பாடத்துல சாப்பாடு வருது. சாப்புட்டுட்டுப் படிங்க." இன்னொன்றுக்கு: "மாடு மேய்க்கையில படிக்கலாம். படம் பாத்தாலே பாதி புரியும். மாட்ட விட்டுராதீக." இரண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று, பெரிய எழுத்துப் புத்தகத்தை முதல்முதலாகத் தானே படித்து முடித்துவிட்டு வந்து சொன்னது: "இது முடிஞ்சிரும். பயப்படாதீக." ஒரு புத்தகத்தைத் தொடங்கவே பயப்படுகிற வயதுக்கு இதைவிட நல்ல வார்த்தை யாரால் சொல்ல முடியும்?

பழனியம்மா கழுதைக் கதைக்குச் சொன்னது இரண்டே வாக்கியம். "இது அழுக வைக்கும். ஆனா கழுதைக்காக இல்ல." நான் திகைத்துப் போனேன். முழுதாகப் படித்த பிறகு எனக்கும் அந்த உப்பு வியாபாரி ஆற்றுக்கு இந்தப்பக்கம் நிற்பதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

பங்குனியில் அதிகாரி வந்தார். அலமாரியைத் திறந்தார். நாற்பதில் பன்னிரண்டுதான் உள்ளே இருந்தது. மிச்சம் வீடுகளில், தோட்டங்களில், ஒன்று மாட்டுக்கொட்டகையில். உள்ளே இருந்தவற்றிலும் புளி விரல், மஞ்சள் விரல், ஓரிடத்தில் நசுங்கிய மல்லிகை. பெரியசார் வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி கழுதைப் புத்தகத்தை எடுத்தார். "இத யாரு படிச்சது?" என்றார். பாதிப் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். அவர் பழனியம்மாவைக் காட்டி, "கடசில என்ன ஆகுது, சொல்லு" என்றார்.

"அதச் சொல்லக் கூடாது சார்."

"ஏன்?"

"சொன்னா நீங்க படிக்க மாட்டீக. நீங்க படிச்சிருக்கீகளா சார்?"

பெரியசார் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இல்லம்மா, படிக்கல" என்றார். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். புத்தகங்கள் எங்களிடமே இருந்தன. கழுதை மட்டும் அவரோடு போய்விட்டது. அதைத் திரும்ப வாங்கப் பெரியசார் அடுத்த மாதம் முழுக்கக் கார்டு எழுதினார். கடைசியில் தபாலில் வந்தது. உள்ளே ஒரு சீட்டு: 'படித்தேன். வராததுதான் சரி.' பெரியசார் அந்தச் சீட்டை இருப்புப் பதிவேட்டுக்குள் ஒட்டிவைத்துக்கொண்டார். என்ன தலைப்பின்கீழ் வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

பழனியம்மா எட்டு வரை படித்தாள். வேடசந்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். பல வருடம் கழித்து ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கையில் இருந்த பையனை முன்னால் நிறுத்தி, "இவன் மூணாப்பு போறான் டீச்சர். இவனுக்கு ஒரு புக்கு சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறக்குமுன், "படிச்சதாச் சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுடைய பஸ் கிளம்பும்வரை சிரித்தோம். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது மாடி வைத்த கட்டிடம். புதிய உலக உருண்டையில் ஆப்பிரிக்கா இருக்கிறது. பூக்காரர்கள் ஆட்டோவில் போகிறார்கள். புகையிலைக் கிட்டங்கிகள் பல மூடிவிட்டன. பார்சலில் எந்த வாசமும் ஏறுவதில்லை. இப்போது வரும் சிறுவர் புத்தகங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. வழவழ தாள், என்னென்ன நிறம். நாங்கள் கனவிலும் காணாத படங்கள். அந்தக் காலம் போல வருமா என்று நான் சொல்ல மாட்டேன். வந்துதான் இருக்கிறது, அதைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் போய்விட்டது. இப்போது எல்லாப் புத்தகமும் மூன்று பக்கமும் ஓரம் வெட்டியே வருகிறது. படித்த புத்தகமும் படிக்காத புத்தகமும் கையில் ஒரே மாதிரி விசிறுகின்றன. நான் படித்தேனா இல்லையா என்று புத்தகத்தைப் பார்த்து இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு வசதிதான். ஆனால் எட்டு வயதில் ஒரு பிள்ளை மேல்மாடியில் காத்திருக்கிறது, அதன் அம்மா நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.

அதனால் அந்த மூன்றாவது புத்தகத்தை நானே வரவழைத்துவிட்டேன். நேற்று வந்தது. நூற்றுப்பத்துப் பக்கம். இப்போது அறுபத்து நான்கில் இருக்கிறேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னட்டையை வைத்து நான் சொன்ன கதை வேறு, இது வேறு. நாளைக்கு முடித்துவிட்டு மாடிப்படி ஏறப் போகிறேன். மூட்டுவலி இருக்கிறது, மெதுவாகத்தான் ஏற வேண்டும். அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குச் சொன்னபோது நான் இதைப் படிக்கவில்லை, இப்போது படித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். என் வார்த்தையைச் சரிபார்க்க இன்றைக்கு ஒரு பழனியம்மா இல்லை. அதனால்தான் நானே ஏற வேண்டியிருக்கிறது.